பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: 2024 ஜூன் 11, இரவு 10.20

என் மனைவிக்குப் பிரசவம் ஆகி இன்று ஆறாவது நாள். சுகப்பிரசவம். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. இப்போது அவளுடைய தாய்வீட்டில் இருக்கிறோம். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான் கொடுக்கிறார்கள். பச்சை உடம்பு தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிறார் என் மாமியார். அவளுக்கு உதடு வெடித்திருக்கிறது. நேற்று நள்ளிரவில் குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்தேன். நான் ஏதாவது சொன்னால், ஆண்பிள்ளைக்கு இதில் என்ன தெரியும் என்கிறார்கள். உண்மையில் எனக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு 10.50

கொடுங்கள். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அரசு மருத்துவமனையில், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில், 19 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். தண்ணீரால் வயிறு சரிந்த ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. குழந்தை பிறந்தவுடன் கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ கனத்தோடு தொப்புள் உயரத்துக்கு இருக்கும். நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கும். ஒன்பது மாதம் இழுபட்ட வயிற்றுத் தசை இறுக அதைவிட நாளாகும். வயிறு மேடாகத் தெரிவதற்கு இவைதான் காரணம். குடித்த தண்ணீர் சிறுநீராகவும் வியர்வையாகவும் பாலாகவும் போகிறது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால் நன்றாக ஊறிய பிறகு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் அந்த உடம்பிலிருந்து வெளியேறும். இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு அவள் அதற்கு எங்கே போவாள்?

குழந்தைக்குச் சளி, தூக்கிக் கொஞ்ச வருகிறவர்களின் கையிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருகிறது. தாய் குடிக்கும் தண்ணீரிலிருந்து வராது.

பூண்டு, காயம், கருவாடு எல்லாம் கொடுக்கட்டும். பத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தாகத்தோடு ஒரு பிள்ளை பெற்றவளைப் படுக்கவைப்பதோடுதான் சண்டை.

இப்போது நான் கேட்கிறேன். அவளுக்குத் தலைவலி இருக்கிறதா? கண் மங்குகிறதா? காய்ச்சல்? தீட்டு எவ்வளவு படுகிறது, வாடை அடிக்கிறதா? ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? நீங்கள் எழுதியதில் குழந்தையின் எடை இருக்கிறது. அவளுடைய ரத்த அழுத்தம் இல்லை.

ஜூன் 11, இரவு 11.35

இவ்வளவு படபடப்பாக ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், பிரசவமாகி வீட்டுக்குப் போன ஒரு பெண் ஒன்பதாவது நாள் திரும்பி வந்தாள். இருபத்தொரு வயது. நான்கு நாளாகத் தலைவலி. தூக்கம் இல்லை, குழந்தை இரவெல்லாம் அழுகிறது என்று வீட்டார் சொன்னார்கள். நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டேன். தன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று இரவு வலிப்பு வந்தது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. வலது கை விழுந்துவிட்டது. தண்ணீர் கொடுக்காததால் வந்த வினை. பிழைத்தாள். கை திரும்பி வர மாதங்கள் ஆயின. அதுவரை இடது கையாலேயே குழந்தையை அணைத்துப் பால் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவ நாளில் வார்டில் பணியில் இருந்தவள் நான். வீட்டுக்கு அனுப்பும்போது தொப்புள்கொடியில் எதுவும் தடவக் கூடாது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று எல்லாம் சொன்னேன். நீ நன்றாகத் தண்ணீர் குடி என்று சொல்லவில்லை.

ஜூன் 12, காலை 5.40

இரவில் நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன் தம்பி. நேற்று முன்தினத்திலிருந்து தலைவலி, நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்கிறீர்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆட்டோ கிடைத்தால் அதிலேயே போங்கள். உள்ளே போனவுடன் பிரசவமாகி ஏழு நாள், தலைவலி, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். குழந்தையையும் கூடவே கொண்டுபோங்கள், பசிக்கும்.

ஜூன் 12, பிற்பகல் 3.10

படித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் 156/104, சிறுநீரில் புரதம், அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை. வலிப்பு வராமலிருக்க மருந்து ஏறுகிறது, அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரியான இடத்தில் இருக்கிறாள்.

கர்ப்ப காலம் முழுவதும் அழுத்தம் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறும். மூன்றாவது நாளுக்கும் ஆறாவது நாளுக்கும் இடையில்தான் அது உச்சத்துக்குப் போகும். அதற்குள் நம் ஊரில் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். 140/90 தாண்டினாலே காட்ட வேண்டும். 160/110 என்றால் அது அவசர நிலை.

நேற்றுக் கருவாடு கொடுக்கலாம் என்று எழுதிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அழுத்தம் இறங்கும்வரை கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். அழுத்தம் தெரியாமல் உப்புப் பண்டத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 12, இரவு 9.00

மாமியாரைப் பற்றிப் பலர் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த அம்மா பிள்ளை பெற்றபோதும் இரண்டு டம்ளர்தான் கிடைத்திருக்கும். தான் பட்டதை மகளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுத்தார். இன்று காலையிலிருந்து வார்டு வராந்தாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். அவரிடம் போய், அம்மா, இனிமேல் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம், உங்களிடம் பொறுப்பாகச் சொல்லச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான வீட்டில் இது பலித்திருக்கிறது. தண்ணீரைப் பூட்டி வைத்த கையிடமே செம்பைக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 13

ஒரு மருத்துவர் என் இரண்டாவது குறிப்பைத் திருத்தினார். அவர் சொல்வது சரி. மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தது ‘தண்ணீர் கொடுக்காததால் வந்த வினை’ என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டேன். பிரசவத்தில் ரத்தப்போக்கு அளவு மீறக் கூடாது என்பதற்காக இயற்கையே கர்ப்பிணியின் ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றி வைத்திருக்கிறது. பிறகும் ஆறு வாரம்வரை அந்தத் தன்மை இருக்கும். அதன்மேல் உடம்பு வற்றுவதும் சோகையும் கிருமித் தொற்றும் நாள் முழுவதும் படுத்தே கிடப்பதும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. ஆக, தண்ணீர் ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு சொம்பால் தீர்க்கக்கூடியது அதுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. தம்பியின் மனைவியைப் பற்றிப் படித்தவுடன் என் மனம் பழைய பெண்ணிடம் போய்விட்டது, ரத்தம் உறைந்திருக்குமோ என்றுதான் பயந்தேன். இருந்தது அழுத்தம். நான் நினைத்தது தவறு. தலைவலி இருக்கிறதா என்று கேட்டது மட்டும் உதவியது.

ஜூன் 14

தங்கை ஒருவர் கேட்டது: தண்ணீர் அதிகம் குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டும், தையல் எரிகிறது, அதனால் நானே குறைத்துக்கொண்டேன்.

எரிச்சலுக்கு வழி இருக்கிறது. சிறுநீர் போகும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். எரியாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு படுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உயிர் போகும்.

பிரசவம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆன ஒரு பெண். நான் வார்டைச் சுற்றி வரும்போது, சிஸ்டர், துணி நனைந்துகொண்டே இருக்கிறது என்றாள். வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி இருந்தது, அதுவும் தொப்புளுக்கு மேலே வலப்பக்கம் ஒதுங்கி. கீழே சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டிருந்தது. நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளிவிடும். தள்ளப்பட்ட கர்ப்பப்பை சுருங்காது. சுருங்காவிட்டால் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கும். குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தோம், முக்கால் லிட்டர் வந்தது. வயிற்றைத் தேய்த்துக் கொடுத்து ஊசி போட்டவுடன் கர்ப்பப்பை என் உள்ளங்கைக்குக் கீழேயே இறுகியது. ரத்தம் நின்றது.

பிரசவத்துக்குப் பின் ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது சிறுநீர் போயிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜூன் 16

குளிப்பாட்டுவதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பிறந்து 24 மணி நேரம்வரை குளிப்பாட்ட வேண்டாம். மேலே இருக்கும் வெண்ணெய் போன்ற மாவு அழுக்கு இல்லை, தோலுக்குக் காப்பு. எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் பல நாள் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது என்று பொருள். இரண்டும் சில்லென்று இருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போது கோபத்தோடு சொல்கிறேன். காலில் போட்டுக் குளிப்பாட்ட வருகிற பாட்டிகள் மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். அது நுரையீரலுக்குப் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். வாயால் மூக்கில் ஊதுகிறார்கள். தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்கிறார்கள். தாயின் ஹார்மோனால் பச்சைக் குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு லேசாக வீங்கி ஒரு சொட்டுப் பால்கூட வரும். அதைப் பிதுக்கிச் சீழ் பிடிக்கவைக்கிறார்கள். சீழை வெட்டி எடுக்க வேண்டி வந்த பத்து நாள் குழந்தையை நான் இந்தக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்தப் பாட்டிகளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஜூன் 17, அதிகாலை

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. கடைசி வரியை எடுத்துவிடுகிறேன்.

என் இரண்டாவது மகன் பிறந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டிதான் வந்து குளிப்பாட்டினார். நான் செவிலியர் என்பதால் எண்ணெய் விடக் கூடாது, ஊதக் கூடாது என்று முதல் நாளே கட்டளை போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே செய்தார். பதினோராவது நாள் குழந்தையைக் காலில் போட்டவர், தண்ணீர் ஊற்றாமல் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டார். ‘இன்றைக்குக் குளிப்பாட்ட மாட்டேன். பிள்ளை துவண்டு கிடக்கிறது. நேற்று உதைத்த உதை இல்லை. அழுகை பூனை மாதிரி இருக்கிறது.’ எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல்கூட இல்லை. காலையிலிருந்து சரியாகப் பால் இழுக்கவில்லை என்பதை அவர் கேட்ட பிறகுதான் யோசித்தேன். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கிருமித் தொற்று. பத்து நாள் ஊசி மருந்து.

துவள்வது, பால் குடிக்காதது, அழுகை மெலிவது. எங்களுக்கு வகுப்பில் கற்றுக்கொடுத்த ஆபத்து அறிகுறிகள் இவைதான். பச்சைக் குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சுட வேண்டும் என்பதில்லை, சில்லிட்டும் போகும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே குழந்தையைக் காலில் போட்டுத் தொட்டுப் பார்க்கிறவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அந்தப் பாட்டிக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

வரட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும். எண்ணெயை உடம்பில் தேய்க்கட்டும், மூக்கிலும் காதிலும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

ஜூன் 19, காலை

பச்சைக் குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை. இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் தானாக மறைவதுதான் பெரும்பாலும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது வேறு, உடனே காட்ட வேண்டும். உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினாலும் அப்படியே. மற்றபடி இளவெயில் காட்டினால் சரியாகிவிடும்.

நீல ஒளியில் குழந்தையை வைக்கும் சிகிச்சையே ஒரு செவிலியரின் கண்ணிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் வார்டு, வார்டு என்பது அவருடைய பெயர். வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956-இல் ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த ஒரு முக்கோணம் மட்டும் அடர்மஞ்சளாக இருந்தது. அங்கிருந்து தொடங்கி, கிரீமர் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் விளக்கொளிச் சிகிச்சையை உருவாக்கி 1958-இல் வெளியிட்டார்கள். இதை மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஜூன் 19, இரவு

காலையில் எழுதியதில் ‘இளவெயில் காட்டினால் சரியாகிவிடும்’ என்ற வரி தவறு. சிஸ்டர் வார்டின் கதையில் இருந்த உற்சாகத்தில் எழுதிவிட்டேன். மஞ்சளைக் குறைக்கும் அளவுக்கு வெயிலில் துணியில்லாமல் கிடத்தினால் குழந்தைக்குச் சூடு ஏறும், உடம்பு வற்றும், அல்லது குளிர்ந்துபோகும். அளவு தெரியாத மருந்து அது. மஞ்சள் அதிகம் என்றால் ரத்தத்தில் அளவு பார்த்து விளக்கொளியில்தான் வைக்க வேண்டும். வெயிலை நம்பி வீட்டிலேயே இருந்து, காது கேட்காமல் போன குழந்தைகள் உண்டு. லேசான மஞ்சளுக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுப்பதே போதும். மலத்தின் வழியாகத்தான் அது வெளியேறுகிறது. சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்.

பதினான்கு நாளுக்கு மேலும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை அறுபது நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். துணியில் படும் நிறத்தைத் தினமும் பாருங்கள்.

ஜூன் 23

மருமகள் காரணமில்லாமல் அழுகிறாள், காற்றுக் கருப்பு பட்டிருக்குமோ, மந்திரிக்கலாமா என்று ஓர் அம்மா கேட்கிறார்கள்.

அம்மா, மூன்றாம் நாளிலிருந்து அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குகிற நேரம். கூட உட்காருங்கள், இரவில் ஒருவேளை குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோய், மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. இந்த மனச்சோர்வைக் கண்டறிய ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1987-இல் வகுத்த பத்துக் கேள்விகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. பத்தாவது கேள்வி, உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்கப்பட்டவுடன் அழுது தீர்த்த பெண்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஜூலை 2

தம்பி, நீங்கள் கேட்டது: நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு வேலை உண்டா?

உண்டு. சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். இன்குபேட்டர் போதாத நிலையில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் தொடங்கிய கங்காரு முறை இது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படி வைக்க வேண்டும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உங்கள் மகள் நல்ல எடைதான், அவளுக்கு இது அவசியம் என்றில்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுடைய அம்மா குளித்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். எங்கள் வார்டில் 1,600 கிராம் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9

இன்று எழுதியிருப்பவர் தம்பியின் மனைவியே. அழுத்தம் 124/80, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்களாம். மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மோர் குடிக்கலாமா? குடியுங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

தலைக்குக் குளிக்கலாமா? குளிக்கலாம். வெந்நீரில் குளித்து, ஈரம் போகத் துவட்டிக்கொள்ளுங்கள்.

வேறு மாத்திரைகள் எதற்கு? இரும்புச் சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். கால்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

அடுத்த வாரம் நாற்பத்திரண்டாவது நாள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவார். வந்தவுடன் குழந்தையை எடைபோட எடுத்துக்கொள்வார். அதற்கு முன்னால் உங்கள் கையை நீட்டி, அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் கொடுத்த சீட்டையும் காட்டுங்கள். அடுத்த முறை கர்ப்பமானால் முதல் நாளிலேயே, எனக்குப் பிரசவத்துக்குப் பின் அழுத்தம் ஏறியது என்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.